நேபிள்ஸில் ஒரு பகல்: கப்பலிலிருந்து முதன்முறை இறங்குவோருக்கு

மத்தியதரைக் கடலில் ஓடும் க்ரூஸ் கப்பல்களில் பல, பயணத்தில் ஒரு நாள் இத்தாலியின் நேபிள்ஸில் நிற்கும். காலை ஏழு மணி வாக்கில் வந்து சேர்ந்து, மாலை ஆறு ஏழு மணிக்குக் கிளம்பிவிடும். கப்பல் கம்பெனியின் கரைச் சுற்றுலாப் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றும். எரிமலையில் புதைந்த பழைய ஊர்களான பாம்பேய், ஹெர்குலேனியம், அவற்றைப் புதைத்த வெசுவியஸ் எரிமலை, காப்ரி தீவு, சொரெண்டோ, அமால்ஃபி, போதாததற்கு இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டிய ‘ஒரே நாளில் எல்லாம்’ வகைகளும் இருக்கும். அந்தக் கடைசி வகையை முதலில் அடித்துவிடுங்கள். பஸ் ஜன்னல் வழியே இத்தாலியின் நெடுஞ்சாலையைப் பார்க்கவா இவ்வளவு செலவு செய்து வந்தோம்?

என் கணக்கு எளிது. தூரத்தில் உள்ள இடம் ஒன்றே ஒன்று. அதைக் காலையிலேயே முடித்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்குள் நேபிள்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும். மீதி நேரத்தைக் கப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் நேபிள்ஸ் நகரத்துக்குள் செலவழிக்கலாம். ரயில் தாமதமானாலும் கால் வலித்தாலும் கப்பலை விட்டுவிடுவோமோ என்ற பயம் இருக்காது. அதற்கு வேண்டிய ஏற்பாடுகளை வரிசையாகச் சொல்கிறேன்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் விசா. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கு இத்தாலியில் இறங்க ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். கப்பல் நடுவில் துருக்கி, துனிசியா போல ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டைத் தொட்டுவிட்டு மறுபடி உள்ளே வருமானால், ஒருமுறை நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசாவாக எடுக்க வேண்டும். ‘நாங்கள் கரையில் இறங்கவே மாட்டோம்’ என்று சொல்லிப் பயனில்லை. காகிதம் சரியில்லை என்றால் கம்பெனி கப்பலிலேயே ஏற்றாது. சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்காரர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது கிழமை. நீங்கள் நேபிள்ஸில் நிற்கும் நாள் செவ்வாயா என்று பாருங்கள். தேசிய தொல்லியல் அருங்காட்சியகம், சான்செவேரோ சிற்றாலயம் இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் பாம்பேயில் அனுமதி இலவசம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அன்று ஊரே அங்கேதான் இருக்கும். மே 1 அன்று பாம்பேய் மூடியிருக்கும்.

மூன்றாவது, சீட்டு. பாம்பேய்க்குள் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்ற வரம்பு 2024 நவம்பரில் வந்தது. சீட்டில் பார்ப்பவரின் பெயரும் அச்சாகும், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். எனவே கோடையில் போவதானால் அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பெயரை பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். நம் முன்னெழுத்துக் குழப்பம் இங்கேயும் வந்து சேரும். வெசுவியஸ் மலைக்கும் ஆன்லைனில்தான் சீட்டு. மலைப்பாதையின் வாசல் வரை போய்விட்டு, சீட்டு வாங்க அங்கே செல்போன் சிக்னல் தேடி நிற்பவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

சில கப்பல்களில் பயணிகளின் பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் முந்தின நாள் வரவேற்பு மேசையில் கேட்டு, கரைக்கு எதை எடுத்துப்போவது என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கையில் ஒரு நகல், போனில் ஒரு படம், கப்பல் அட்டை மூன்றும் இருக்கட்டும்.

கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

முதன்முறை போகிறவர்கள் கப்பல் கிளம்பும் நேரத்தைத்தான் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். முக்கியமானது அதுவல்ல, ‘ஆல் அபோர்ட்’ நேரம். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகவே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். முந்தின இரவு அறைக்கு வரும் தினசரித் தாளிலோ கம்பெனி ஆப்பிலோ அது இருக்கும். அதே தாளில் துறைமுக ஏஜெண்டின், அதாவது அந்த ஊரில் கப்பல் கம்பெனிக்காக வேலை பார்ப்பவரின், தொலைபேசி எண்ணும் இருக்கும். அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கிரேக்கப் பக்கமிருந்து வரும் கப்பல்களில் ஒரு மணி நேர வித்தியாசம் நுழையும். போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறாமல் இருக்கலாம். இறங்கும்போது படிக்கட்டருகே எழுதி வைத்திருக்கும் நேரமே வேதம்.

இப்போது கணக்கு. கப்பல் 6.30-க்குக் கிளம்புகிறது, ஆல் அபோர்ட் 6.00 என்று வைப்போம். துறைமுகத்துக்கு 4.45-க்கு வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பாம்பேய் வாசலிலிருந்து துறைமுகத்துக்கு ரயில், மெட்ரோ, நடை எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். ஒரு வண்டி தவறிப்போகும், இல்லை ரத்தாகும் என்று அரை மணி சேர்த்தால், மூன்று மணிக்கு மேல் பாம்பேயில் நிற்கக் கூடாது. இது கடைசி எல்லை. நான் சொல்லும் முறையில் நீங்கள் பன்னிரண்டரைக்கே கிளம்பியிருப்பீர்கள்.

கப்பல் கம்பெனி டூரா, சொந்தமாகவா?

கம்பெனி டூரில் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் பணம். அது நியாயமா என்பது இடத்தைப் பொறுத்தது.

அமால்ஃபி கடற்கரை என்றால் கம்பெனி டூரே சரி. மலையைக் குடைந்து போட்ட ஒற்றைச் சாலை அது. கோடையில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போகாமல் மற்றது நகராது. எப்போது திரும்புவோம் என்று யாராலும் சொல்ல முடியாத இடத்துக்குச் சொந்தப் பொறுப்பில் போவது வீண் படபடப்பு. உண்மையைச் சொன்னால், கப்பலில் வந்த ஒரு பகலுக்கு அமால்ஃபி ஏற்றதே அல்ல. அது இரவு தங்கிப் பார்க்க வேண்டிய ஊர்.

காப்ரிக்கு விரைவுப் படகுகள் உங்கள் கப்பலுக்குப் பக்கத்திலேயே, மோலோ பெவெரெல்லோ என்ற துறையிலிருந்து கிளம்பும். சுமார் ஐம்பது நிமிடப் பயணம். கடல் அமைதியாக இருந்தால் நீங்களே போய்வரலாம். காற்று எழுந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், புகழ்பெற்ற நீலக் குகையையும் மூடிவிடுவார்கள். மேகமூட்டமும் காற்றுமாக விடியும் நாளில் காப்ரியை மறந்துவிடுங்கள். போகிறவர்கள், திரும்பும் சீட்டையும் போகும்போதே, ஆல் அபோர்ட் நேரத்துக்குள் வந்து சேரும் கடைசிப் படகுக்கு இரண்டு படகு முந்தியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பாம்பேய், ஹெர்குலேனியம் இரண்டுக்கும் சொந்தமாகவே போகலாம். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் டாக்ஸி நல்லது. தலைக்குத் தலை டூர்க் கட்டணம் கட்டுவதைவிட, நான்கு பேருக்கு ஒரு டாக்ஸி பேசிக்கொள்வது பல நேரம் மலிவாகவும் முடியும். நேபிள்ஸில் அங்கீகாரம் பெற்ற டாக்ஸிகள் வெள்ளை நிறம். முக்கிய இடங்களுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணப் பட்டியல் வண்டிக்குள்ளேயே இருக்கும். ஆனால் அந்தக் கட்டணம் வேண்டும் என்று வண்டி நகர்வதற்கு முன்பே நீங்கள் கேட்க வேண்டும். ‘தாரிஃபா ப்ரேதெத்தெர்மினாத்தா’ என்று சொன்னால் போதும். துறைமுக வாசலில் “பாம்பேய், சொரெண்டோ, சீப் சீப்” என்று சூழ்ந்துகொள்பவர்களைத் தாண்டி நடந்து, டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

கப்பலை விட்டு இறங்கியதும்

நேபிள்ஸின் பெரிய வசதி, கப்பல் நிற்கும் இடம். சில துறைமுகங்களில் நகரத்துக்குப் போகவே ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். ரோம் பார்க்க இறங்கும் சிவித்தாவெக்கியா அப்படித்தான். இங்கே ‘ஸ்தாத்சியோனே மாரித்திமா’ என்ற 1930-களின் முனையக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால், எதிரே ஐந்து கோபுரங்களோடு காஸ்தெல் நுவோவோ கோட்டை நிற்கிறது. பெயரில் ‘புதிய’ என்று இருந்தாலும் 1279-இல் கட்டத் தொடங்கியது. கோட்டையை ஒட்டியது முனிச்சிப்பியோ சதுக்கம், அங்கே அதே பெயரில் மெட்ரோ நிலையம். முனையத்திலிருந்து பத்து நிமிட நடை. இந்த நிலையத்துக்குத் தோண்டியபோதுதான் பழைய ரோமானியத் துறைமுகமும், அதன் சேற்றுக்குள் புதைந்திருந்த மரக்கப்பல்களும் வெளிப்பட்டன. வேலை வருடக்கணக்கில் இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காலையில் கப்பலிலிருந்து இறங்கக் கூட்டம் இருக்கும். டூர்க் குழுக்களை முதலில் அனுப்புவார்கள். எட்டு மணிக்குள் கரையில் இருக்க வேண்டும் என்றால், காலை உணவை ஆறரைக்கே முடித்துக்கொள்ளுங்கள்.

பாம்பேய்க்கு ரயில்

முனிச்சிப்பியோவில் மெட்ரோ லைன் 1 ஏறி காரிபால்டியில் இறங்குங்கள், மூன்றாவது நிறுத்தம். அங்கிருந்து நிலத்தடியிலேயே ‘சிர்க்கும்வெசுவியானா’ என்ற பெயர்ப் பலகையைப் பின்தொடர்ந்தால், வெசுவியஸைச் சுற்றி ஓடும் உள்ளூர் ரயிலின் மேடைகளுக்குப் போய்ச் சேரலாம். சீட்டு சில யூரோதான். திரும்பும் சீட்டையும் சேர்த்தே வாங்குங்கள், மதியம் பாம்பேய் நிலையத்தில் வரிசை நீளும்.

பலகையில் சொரெண்டோ என்று போட்ட வண்டியில் ஏறி, ‘பொம்பேய் ஸ்காவி – வில்லா தேய் மிஸ்தேரி’ என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். பொம்பேய் என்று தொடங்கும் வேறு நிலையங்களும் வேறு தடங்களில் உண்டு. அவை இன்றைய ஊருக்குப் போகின்றன, இடிபாடுகளின் வாசலுக்கு அல்ல. ‘ஸ்காவி’ என்ற சொல்லைப் பார்த்து ஏறுங்கள். நாற்பது நிமிடத்துக்குள் சேர்ந்துவிடும்.

வண்டி பழையது, கிறுக்கல்கள் நிறைந்தது, கோடையில் வெக்கையும் நெரிசலும் தாங்காது. உட்கார்ந்து போக வேண்டும் என்றால், காரிபால்டிக்கு முந்தைய நிலையமான போர்ட்டா நொலானாவிலேயே ஏறிவிடுங்கள், வண்டி புறப்படும் இடமே அதுதான். சீசனில் ‘கம்பானியா எக்ஸ்பிரஸ்’ என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் குளிர்சாதன வண்டி ஒன்றும் விடுகிறார்கள். விலை கூடுதல், தடவைகள் குறைவு, ஆனால் பெரியவர்களோடு போனால் அதற்கே போங்கள்.

ஜேப்படித் திருடர்களுக்குப் பிடித்த வண்டியும் இதுதான். பையை முதுகில் மாட்டாமல் மார்பில் மாட்டுங்கள். கதவு மூடும் நேரத்தில் நெருக்கித் தள்ளினால் யாரும் அவசரத்தில் இல்லை, உங்கள் பை அவர்களுக்கு வேண்டும். தாலிக்கொடியும் கனமான சங்கிலியும் கப்பல் லாக்கரிலேயே இருக்கட்டும்.

நிலையத்தில் ‘ஷோப்பெரோ’ என்று அறிவிப்பு ஒட்டியிருந்தால் வேலைநிறுத்தம். இத்தாலியில் இதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், முந்தின நாளே இணையத்தில் தேடிப் பார்க்கலாம். அன்று ரயிலை நம்ப வேண்டாம்.

பாம்பேய்க்குள்

கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்துப் புதைத்த ஊர். 1748-இல் தோண்டத் தொடங்கி, இன்னும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள்தான் இருக்கிறது. இதுவரை தோண்டியதையே முழுவதும் பார்க்க ஒரு நாள் போதாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயிலும் தாங்காது, கண்ணும் ஏற்காது. ஆகையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள போர்ட்டா மரீனா வாசலில் நுழைந்தால் சிறு ஏற்றம், பிறகு பொதுச் சதுக்கமான ஃபோரம். வடக்கே நிமிர்ந்தால் நகரைப் புதைத்த மலை அப்படியே நிற்கிறது. அங்கிருந்து ஃபாவுன் இல்லத்துக்குப் போங்கள். அலெக்சாண்டர் போர்க்களத்தில் நிற்கும் பெரிய மொசைக் கிடைத்தது இந்த வீட்டுத் தரையில்தான். இப்போது அங்கே இருப்பது நகல், அசல் நேபிள்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அடுத்தது வெட்டி சகோதரர்களின் இல்லம். நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2023-இல் திறந்தார்கள். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று வியாபாரத்தில் கொழித்த இருவரின் வீடு, சுவரெல்லாம் ஓவியம். நுழையும்போதே வலப்பக்கச் சுவரில் ப்ரியாபஸ் தேவன் தன் குறியைத் தராசில் வைத்து நிற்கிறான். கண்ணேறு படாமலிருக்கவும் செல்வம் கொழிக்கவும் வரைந்தது. குழந்தைகளோ மாமனாரோ உடன் இருந்தால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது என்று சொல்லி வைக்கிறேன்.

பிறகு அபொந்தான்சா தெருவில் நடங்கள். பாம்பேயின் கடைத்தெரு இதுதான். வண்டி ஓடிய தடங்கள் கல்லில் பள்ளமாக இருக்கும். மழைநீரிலும் சாக்கடையிலும் கால் படாமல் தெருவைக் கடக்க உயர்ந்த கற்களைக் குறுக்கே வைத்திருப்பார்கள், வண்டிச் சக்கரம் போக இடைவெளி விட்டு. இருபுறமும் மேடையில் பானை பதித்த சாப்பாட்டுக் கடைகள். அந்த மனிதர்களின் அன்றாடம் இந்தக் கடைகளில் தெரிகிற அளவுக்குக் கோயில்களில் தெரிவதில்லை. வழியில் ஸ்தாபியக் குளியலகம். சாம்பலில் விழுந்த உடல்கள் மக்கிப்போன வெற்றிடத்தில் சாந்து ஊற்றி உருவம் எடுக்கும் முறையை 1863-இல் தொல்லியலாளர் ஜூசெப்பே ஃபியோரெல்லி கொண்டுவந்தார். அந்த வார்ப்புகளில் சிலவற்றை வளாகத்தில் பார்க்கலாம். போட்டோவுக்குச் சிரித்து நிற்க வேண்டாமே.

இதே தெருவை ஒட்டிய ஒரு வீட்டில் 1938-இல் ஒரு சாண் உயரத் தந்தச் சிலை கிடைத்தது. நகை பூண்ட பெண், இருபுறமும் சிறு பணிப்பெண்கள். ‘பாம்பேய் லட்சுமி’ என்று பெயர் வந்துவிட்டது. யட்சியாக இருக்கலாம், தக்காணத்தில் செதுக்கியதாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எப்படியும் இந்தியாவில் செய்து, கடல் கடந்து வந்து, எரிமலைச் சாம்பலில் புதைந்தது. சங்கப் பாட்டில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலங்கள் நமக்குத் தெரியும். கிழக்கிலிருந்து அலெக்சாந்திரியா வழியாக வந்த சரக்கு கரையேறிய பெரிய துறைமுகங்களில் ஒன்று, இதே வளைகுடாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் புத்தியோலி, இன்றைய போட்சுவோலி. சிலை பாம்பேயில் இல்லை, நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

நடைமுறைக்கு: நிழல் மிகக் குறைவு, தொப்பி கட்டாயம். கல் பாவிய தெருக்கள் மேடும் பள்ளமுமானவை, செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். தண்ணீருக்கு உள்ளேயே குழாய்கள் உண்டு, காலி பாட்டில் போதும். பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். சக்கர நாற்காலி, தள்ளுவண்டி உள்ளவர்கள் ஆம்ஃபிதியேட்டர் பக்க வாசலுக்குப் போக வேண்டும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் சமதளப் பாதை போட்டிருக்கிறார்கள்.

பாம்பேய்க்குப் பதில் ஹெர்குலேனியம்

பெரியவர்களோடு வருகிறவர்களுக்கும், கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் நான் ஹெர்குலேனியத்தையே சொல்வேன். அதே ரயில், இருபது நிமிடத்தில் ‘எர்கொலானோ ஸ்காவி’ நிலையம், இறங்கிக் கடலை நோக்கி நேரே பத்து நிமிடம் இறக்கத்தில் நடை. திரும்பும்போது அது ஏற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

பாம்பேயை மூடியது உதிரிக் கல்லும் சாம்பலும். ஹெர்குலேனியத்தின் மேல் எரிமலைக் குழம்பின் சேறு போன்ற கொதிக்கும் சாம்பல் வெள்ளம் பாய்ந்து, சுமார் இருபது மீட்டர் உயரத்துக்குப் பாறையாக இறுகிவிட்டது. அதனால் மரமே கரியாகித் தங்கியிருக்கிறது. மாடி, உத்தரம், கதவு, கட்டில், சுவடிச் சுருள்கள் வரை கிடைத்தன. பழைய கடற்கரையை ஒட்டிய படகுக் கொட்டகைகளில், தப்பிக்க வந்து ஒதுங்கிய சுமார் முந்நூறு பேரின் எலும்புக்கூடுகள் 1980-களில் வெளிப்பட்டன. கடல் இப்போது வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. திறந்திருக்கும் பகுதி சிறியது, இரண்டு மணி நேரத்தில் நிறைவாகப் பார்க்கலாம். பெயர்தான் பாம்பேய் அளவுக்கு ஊரில் சொல்லிக்கொள்ள உதவாது.

வெசுவியஸ்? 1,281 மீட்டர் உயரம், கடைசியாக வெடித்தது 1944-இல். பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து சரளைக் கல் பாதையில் அரை மணி ஏற வேண்டும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. கால் வலுவும் வானமும் ஒத்துழைத்தால் மட்டும்.

மதியத்துக்குமேல் நகரம்

இரண்டு மணிக்குள் நேபிள்ஸுக்குத் திரும்பியவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. காரிபால்டியில் ஏறும் மெட்ரோவில் முனிச்சிப்பியோவில் இறங்காமல் மேலும் மூன்று நிறுத்தம் போனால் ‘முசேயோ’, தொல்லியல் அருங்காட்சியகத்தின் வாசல். ஃபார்னேசே என்ற பிரபுக் குடும்பத் தொகுப்பின் ஹெர்குலிஸ், காளை போன்ற ராட்சதச் சிலைகள் கீழே. பாம்பேயில் வெறும் சுவராகப் பார்த்த வீடுகளின் ஓவியமும் மொசைக்கும் மேலே. பாம்பேய் லட்சுமி இருப்பது ‘ரகசிய அறை’ என்ற பகுதியில். பாலுறவுச் சித்திரங்களை ஒருகாலத்தில் பூட்டி வைத்திருந்த அறை அது. நம் லட்சுமியை அங்கே கொண்டுபோய் வைத்தது ஆடையின்மையால்தான் போலும். அறை எல்லா நேரமும் திறந்திருக்காது, உள்ளே நுழைந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். பாம்பேய்க்கே போகாமல் காலை முழுவதும் இந்த அருங்காட்சியகத்தில் இருப்பதும் குறைவான நாள் ஆகாது.

இன்னொரு வழி, வெறுமனே நடப்பது. மெட்ரோவில் தாந்தே நிலையத்தில் இறங்கி ஜெசு நுவோவோ சதுக்கத்துக்கு நடங்கள். வைரம் பதித்தாற்போல் கூரிய கற்களால் ஆன முகப்பு கொண்ட தேவாலயம் அங்கே இருக்கிறது, முதலில் அரண்மனையாகக் கட்டியது. எதிரே சாந்தா கியாரா மடம். 1943 குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்துபோனது. பின்னால் உள்ள முற்றத்தில் எலுமிச்சை மரங்களும் வண்ண ஓடு பதித்த தூண்களும் தப்பித்தன. நகரத்தில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்றால் அதுவே.

அங்கிருந்து நூல் பிடித்தாற்போல் நேரே போகும் குறுகலான தெருதான் ஸ்பாக்கானாப்போலி. கிரேக்கர்கள் போட்ட நகர அமைப்பு இன்னும் அப்படியே. மேலே துணி காயும், கீழே ஸ்கூட்டர் உரசும். தெருவைக் கடக்கும்போது தயங்கித் தயங்கி நிற்காமல் ஒரே சீராக நடங்கள், வண்டிகள் உங்களைச் சுற்றிக்கொண்டு போகும். சென்னைக்காரர்களுக்கு இதற்குப் பயிற்சி தேவையில்லை. வழியில் பிரியும் சான் கிரெகோரியோ அர்மேனோ சந்து முழுக்க கிறிஸ்து பிறப்புக் குடில் பொம்மை செய்பவர்கள். நவராத்திரிக்கு முன் மயிலாப்பூர் மாடவீதி எப்படியோ, அப்படி வருடம் முழுவதும். கொலுவில் கிரிக்கெட் செட் வைப்பதுபோல் இங்கே குடிலில் மரடோனாவும் அரசியல்வாதிகளும் பீட்சாக்காரரும் நிற்பார்கள். 1984 முதல் 1991 வரை இந்த ஊருக்கு விளையாடிய மரடோனாவுக்குத் தெருவுக்குத் தெரு படம் உண்டு.

சான்செவேரோ சிற்றாலயம் இதே பகுதியில். 1753-இல் ஜூசெப்பே சன்மார்த்தினோ செதுக்கிய ‘திரையிட்ட கிறிஸ்து’ அங்கே கிடக்கிறார். மெல்லிய துணி போர்த்திய உடல், துணியும் உடலும் ஒரே பளிங்குக் கல். படம் எடுக்க அனுமதி இல்லை, அதுவும் நல்லதற்கே. நேரம் குறித்த சீட்டு ஆன்லைனில் முன்பே வாங்கினால்தான் உண்டு. மற்ற தேவாலயங்களில் பலவும் மதியம் மூடி மாலையில் திறக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், சுடிதார் துப்பட்டா இங்கே கைகொடுக்கும்.

சாப்பாடு

நேபிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைத்திறனை 2017-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மர அடுப்பில் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெந்து, நடுவில் ஈரமும் ஓரத்தில் கருகலுமாக வரும். ‘வேகவில்லை’ என்று திருப்பி அனுப்ப வேண்டாம், அதுதான் பதம். சைவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம்: மர்கெரீத்தா தக்காளியும் சீஸும், மரினாரா தக்காளியும் பூண்டும் ஓரெகானோவும் எண்ணெயும் மட்டும். பெயரைக் கேட்டு மீன் என்று பயப்பட வேண்டாம், மரினாராவில் சீஸ்கூடக் கிடையாது. 1870-லிருந்து நடக்கும் தா மிக்கேலே கடையில் வரிசை ஒரு மணி நேரம்கூட ஆகும். கப்பல் பிடிக்க வேண்டியவர்கள், தெருவில் நான்காக மடித்துத் தரும் ‘போர்ட்டாஃபோலியோ’ பீட்சாவைக் கையில் வாங்கி நடந்துகொண்டே சாப்பிடலாம்.

தீவிர சைவர்கள் கவனிக்க: மடிப்பு மடிப்பாக மொறுமொறுக்கும் ஸ்ஃபோலியத்தெல்லா ரிச்சாவில் மரபுப்படி பன்றிக்கொழுப்பு சேரும். மிளகு போட்ட தாராள்ளி முறுக்கிலும் அப்படியே. ‘ஸ்த்ருத்தோ’ (பன்றிக்கொழுப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். பாபா என்ற கேக் ரம்மில் ஊறியது. காபியைக் கவுண்டரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. உணவகத்தில் தலைக்கு ஒரு யூரோ இரண்டு யூரோ ‘கொப்பெர்த்தோ’ (உட்கார்ந்து சாப்பிடுவதற்கான கட்டணம்) என்று பில்லில் வரும். ஏமாற்று அல்ல, வழக்கம்.

கடைசி ஒரு மணி நேரம்

நான்கு மணிக்குமேல் துறைமுகத்தை விட்டு விலக வேண்டாம். தொலேதோ தெரு வழியாக இறங்கி வந்தால், கண்ணாடிக் கூரையிட்ட உம்பெர்த்தோ காலரி, எதிரே 1737-இல் திறந்த சான் கார்லோ நாடக அரங்கம், சற்றுத் தள்ளி ப்ளெபிஷித்தோ சதுக்கம். எல்லாமே கப்பலிலிருந்து பதினைந்து இருபது நிமிட நடைக்குள். கால் ஓய்ந்தவர்கள் காலரியில் ஒரு காபியோடு உட்காரலாம்.

ஊருக்கு வாங்கிப்போக லிமொன்செல்லோ என்ற எலுமிச்சை மது பாட்டிலைத்தான் எல்லோரும் தூக்குகிறார்கள். கப்பலில் ஏறும்போது பையை ஸ்கேன் செய்வார்கள், மதுவை வாங்கி வைத்துக்கொண்டு பயணத்தின் கடைசி இரவில்தான் பல கம்பெனிகள் திருப்பித் தரும். பிறகு விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெட்டியில் துணி சுற்றி வைக்க வேண்டும். பழம், பாலாடைக்கட்டி போன்றவற்றுக்கும் சில கப்பல்களில் தடை உண்டு. பக்கத்து ஊரான கிராஞ்ஞானோவின் உலர்ந்த பாஸ்தா பாக்கெட்டுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. தெருமுனை சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், சுற்றுலாக் கடையில் ரிப்பன் கட்டி விற்பதைவிட விலை பாதிகூட இருக்காது.